இரண்டு வயதை நெருங்கும் குழந்தை: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒன்றரை வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட காலத்தில் பெற்றோருக்கு எழும் ஐயங்களில் பெரும்பாலானவை இயல்பான வளர்ச்சியைப் பற்றியவையே. ஆனால் ஒரு சிலவற்றை "போகப் போகச் சரியாகிவிடும்" என்று தள்ளிப்போடக் கூடாது. எதற்குக் கவலைப்பட வேண்டியதில்லை, எதற்கு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதைப் பிரித்துக் காட்டும் நோக்கத்தோடு கீழுள்ள விடைகள் எழுதப்பட்டுள்ளன. தடுப்பூசி, சத்து மருந்து, அரசுச் சேவைகள் பற்றிய செய்திகள் தமிழ்நாட்டில் வாழ்பவர்களுக்கானவை.

இரண்டு வயது நிறைவதற்குள் குழந்தை என்னென்ன செய்ய வேண்டும்?

பெரும்பாலான குழந்தைகள் இதற்குள் ஓடத் தொடங்கிவிடுகின்றன. பந்தைக் காலால் உதைக்கின்றன. கையைப் பிடித்துக்கொண்டோ தாமாகவோ சில படிகள் ஏறுகின்றன. பாதி சிந்தினாலும் கரண்டியால் எடுத்துத் தின்கின்றன. "மூக்கு எங்கே, காது எங்கே" என்று கேட்டால் தொட்டுக் காட்டுகின்றன. "அப்பா வா", "பால் வேணும்" என்று இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்கின்றன. யாராவது அழுதால் விளையாட்டை நிறுத்திவிட்டு அவர்கள் முகத்தைப் பார்க்கின்றன; புதிய ஆள் வந்தால், பயப்பட வேண்டுமா வேண்டாமா என்று நம் முகத்தைத் திரும்பிப் பார்த்துத் தெரிந்துகொள்கின்றன. கடைசியாகச் சொன்ன இரண்டையும் பெற்றோர் பெரும்பாலும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. என்னைக் கேட்டால், எத்தனை படி ஏறுகிறது என்பதைவிட அவையே முதலில் கவனிக்க வேண்டியவை.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022இல் தன் வளர்ச்சிப் பட்டியலைத் திருத்தியபோது, அந்தந்த வயதில் நூற்றுக்கு 75 குழந்தைகளாவது செய்பவற்றை மட்டுமே அதில் வைத்தது. ஆகவே அத்தகைய பட்டியலில் ஒன்றிரண்டு குறைந்தாலும், பதற வேண்டியதில்லை என்றாலும், மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 18 மாதம் முடிந்தும் தனியாக நடக்காத குழந்தையைக் காட்டியே ஆக வேண்டும். முன்பு சொல்லிவந்த சொற்களையோ, கையசைத்து டாட்டா காட்டுவது போன்ற பழக்கங்களையோ குழந்தை இழந்துவிட்டால் ஒரு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இந்தக் கணக்கு வேறு. இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தை 24 மாதத்தில் 22 மாதக் குழந்தையாகவே மதிப்பிடப்பட வேண்டும். இரண்டு வயது வரை இப்படித் திருத்திய வயதைக் கொண்டு பார்ப்பதே மருத்துவ வழக்கம். ஆனால் தடுப்பூசிக்குப் பிறந்த தேதிதான் கணக்கு.

20 மாதமாகியும் பேச்சு வரவில்லை. "அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினான்" என்கிறார்கள். காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம். தாமதமாகப் பேசத் தொடங்கிப் பிறகு எந்தக் குறையும் இல்லாமல் வளர்ந்தவர்கள் பல குடும்பங்களில் உண்டு என்பது உண்மைதான். தாமதப் பேச்சு குடும்பவழியில் வருவதும் உண்மை. ஆனால் இன்று பேசாமல் இருக்கும் குழந்தைகளில் எது தானாகப் பேசிவிடும், எதற்கு உதவி தேவைப்படும் என்பதை வீட்டில் இருந்தபடி யாரும் சொல்லிவிட முடியாது. பரிசோதித்துப் பார்த்து எதுவும் இல்லை என்று தெரிந்தால் நமக்கு ஒரு காலை நேரம்தான் செலவு. பரிசோதிக்காமல் விட்டு, மூன்றரை வயதில் காது கேட்கவில்லை என்று தெரியவந்தால், மொழி மிக வேகமாக வளரும் காலத்தை அந்தக் குழந்தை இழந்துவிட்டிருக்கும். ஆண் குழந்தைகள் தாமதமாகத்தான் பேசும் என்பதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சராசரியில் ஆண், பெண் குழந்தைகளுக்கு இடையிலான வேறுபாடு மிகச் சிறியது.

18 மாதத்தில் அம்மா, அப்பா தவிர மூன்று சொற்களாவது வந்திருக்க வேண்டும். இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேச வேண்டும். உச்சரிப்புத் திருத்தமாக இருக்க வேண்டியதில்லை: தண்ணீரைப் பார்க்கும்போதெல்லாம் "ண்ணி" என்று சொன்னால் அது ஒரு சொல். மாட்டைக் கண்டால் எப்போதும் "ம்பா" என்றால் அதுவும் ஒரு சொல்.

சொற்களை எண்ணுவதற்கு முன்பு மூன்றைப் பாருங்கள். முதலாவது, சொல்வது புரிகிறதா என்பது. கையால் சாடை காட்டாமல், கண்ணாலும் அந்தப் பக்கம் பார்க்காமல், "செருப்பை எடுத்துட்டு வா" என்று சொல்லிப் பாருங்கள். நாம் வாசல் பக்கம் கையை நீட்டிக்கொண்டே சொன்னால் குழந்தை கையைப் பார்த்துத்தான் போகிறது. "எல்லாம் புரியுது, பேசத்தான் மாட்டேங்கிறான்" என்ற தவறான நம்பிக்கை பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. இரண்டாவது, விரல் நீட்டுவது. தனக்கு வேண்டியதைக் கேட்க மட்டுமல்லாமல், வானில் போகும் விமானத்தையோ சுவரில் ஓடும் பல்லியையோ நாமும் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சுட்டிக் காட்டுகிறதா? மூன்றாவது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா? சொற்கள் குறைவாக இருந்தாலும் இம்மூன்றும் நன்றாக இருந்தால் நல்ல அறிகுறி. இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் வயது 18 மாதமா 20 மாதமா என்று பார்க்க வேண்டியதில்லை, உடனே காட்டலாம்.

முதல் பரிசோதனை காதுக்குத்தான். கதவு அடிக்கும் ஓசைக்குத் திடுக்கிடுகிறது, குக்கர் விசிலுக்குத் திரும்புகிறது என்பதால் காது நன்றாகக் கேட்கிறது என்று முடிவு செய்துவிட முடியாது. பேச்சொலிகளைப் பிரித்தறியும் அளவுக்குக் கேட்காமல், பெரிய சத்தங்கள் மட்டும் கேட்கும் குழந்தைகள் உண்டு. அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் தேங்கியிருந்தாலும் கேள்வித்திறன் குறையும். ஓ.ஏ.இ., பெரா என்னும் பரிசோதனைகளில் குழந்தை பதில் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. பெரா பரிசோதனையைத் தூங்கும்போது செய்வார்கள், வலி இருக்காது.

வீட்டில் செய்ய வேண்டியதற்குப் பொம்மையோ அட்டைகளோ தேவையில்லை. காய் நறுக்க உட்காரும்போது குழந்தையையும் எதிரில் உட்காரவைத்து, ஒரு கத்தரிக்காயைக் கையில் கொடுத்து, "கத்தரிக்காய். கத்தரிக்காயைக் கூடையில போடு" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு சில நொடிகள் காத்திருங்கள். அந்த இடைவெளிதான் முக்கியம். நாமே விடாமல் பேசிக்கொண்டிருந்தால் குழந்தைக்கு முறை வருவதே இல்லை. அது "காய்" என்று சொன்னால், "ஆமா, பெரிய காய்" என்று ஒரு சொல் கூட்டித் திருப்பிச் சொல்லுங்கள். "கத்தரிக்காய்னு சொல்லு, சொல்லு" என்று வற்புறுத்த வேண்டாம். கைகொட்டிப் பாடுவது, சாய்ந்தாட வைப்பது, ஒரே படப் புத்தகத்தைத் தினமும் புரட்டுவது ஆகிய எல்லாம் இந்த வயதுக்கு மிகப் பொருத்தமானவை.

நாக்கில் வசம்பு தடவினால் பேச்சு வருமா? நாக்குக் கட்டு இருந்தால்? வீட்டில் இரண்டு மொழி பேசுவதால் குழப்பமா?

வசம்பு வேண்டாம். அதில் உள்ள அசரோன் என்னும் பொருளின் பாதுகாப்பு குறித்த கவலையால் அமெரிக்காவில் 1968இலேயே அதை உணவில் சேர்ப்பதற்குத் தடை விதித்தார்கள். அதனால் பேச்சு வரும் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை, வாந்தி வருவதுண்டு.

நாவின் அடியில் உள்ள சவ்வு குட்டையாக இருப்பதால் (இதுதான் நாக்குக் கட்டு) சில ஒலிகளின் உச்சரிப்புப் பாதிக்கப்படலாம். ஆனால் குழந்தை பேசவே தொடங்காததற்கு அது காரணம் ஆகாது. அதை வெட்டிவிட்டுப் பேச்சு வரும் என்று காத்திருப்பதில் உண்மையான காரணத்தைத் தேட வேண்டிய மாதங்கள் போய்விடுகின்றன.

இரண்டு மொழிகள் கேட்டு வளர்வது பேச்சைத் தாமதப்படுத்துவதில்லை. வீட்டில் தெலுங்கோ உருதோ பேசி வெளியில் தமிழ் கேட்கும் குழந்தைக்கு இரு மொழிச் சொற்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். பெற்றோர் தங்களுக்கு இயல்பாக வராத ஆங்கிலத்தில் குழந்தையிடம் பேச முயல்வதுதான் தவறு. அதில் கொஞ்சலும் கதையும் வருவதில்லை, கட்டளைகள் மட்டுமே வருகின்றன.

ஆட்டிசமாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. எப்படித் தெரிந்துகொள்வது?

பெயர் சொன்னால் பெரும்பாலும் திரும்பாமை, கண்ணோடு கண் பார்ப்பது குறைவு, சுட்டிக் காட்டாமை, பொம்மைக்குச் சோறு ஊட்டுவது போன்ற பாவனை விளையாட்டு இல்லாமை, காரை ஓட்டாமல் அதன் சக்கரத்தை மட்டும் மணிக்கணக்கில் சுற்றுவது, கைகளைப் படபடவென்று அடித்துக்கொள்வது ஆகியவை சேர்ந்து காணப்பட்டால் பரிசோதனை தேவை. இவற்றில் ஏதோ ஒன்று எப்போதாவது தென்படுவது எந்தக் குழந்தையிடமும் உண்டு. 16 முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கான எம்-சாட் என்னும் 20 கேள்விகள் கொண்ட படிவத்தைக் குழந்தை மருத்துவரிடம் நிரப்பலாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி 18, 24 மாதங்களில் எல்லாக் குழந்தைகளுக்கும் இத்தகைய சோதனையைப் பரிந்துரைக்கிறது. இந்தப் படிவம் ஐயத்தை வடிகட்டுமே தவிர, நோயை உறுதிசெய்யாது.

அரசு வழியில், 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கின்றன. அங்கிருந்து மாவட்ட ஆரம்பகால இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். காதுப் பரிசோதனை, பேச்சுப் பயிற்சி, உடற்பயிற்சிச் சிகிச்சை ஆகியவற்றை அந்த மையங்கள் கட்டணமின்றி அளிக்கின்றன. பெயர் சூட்டப்பட்ட ஒரு நோய் உறுதியாகும் வரை பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. பேச்சிலும் பழகுவதிலும் பின்தங்கியிருக்கும் எந்தக் குழந்தைக்கும் அப்பயிற்சி பயன் தரும். தாயின் வளர்ப்புக் குறையால் ஆட்டிசம் வருவதில்லை என்பதை மாமியார் வீட்டிலும் தாய் வீட்டிலும் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

போன் காட்டினால்தான் சாப்பிடுகிறாள். எப்படி நிறுத்துவது?

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இரண்டு வயது நிறையும் வரை திரை வேண்டாம் என்றும், அதற்கு மேல் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் பார்க்கலாம் என்றும் கூறுகிறது. வெளியூரில் இருக்கும் தாத்தா பாட்டியோடு வீடியோ அழைப்பில் பேசுவதை இதில் சேர்க்க வேண்டாம். எதிரில் இருப்பவர் பதில் சொல்கிறார், குழந்தையும் பழகுகிறது.

சாப்பாட்டு நேரத்துப் போன் மற்ற நேரத்துப் போனைவிட அதிகக் கெடுதல் செய்கிறது. படத்தில் ஆழ்ந்திருக்கும் குழந்தை வாயைத் திறக்கிறது, விழுங்குகிறது. என்ன சாப்பிட்டோம், வயிறு நிறைந்ததா என்பது அதற்குத் தெரிவதில்லை. சில குழந்தைகள் மெல்லாமலே வாயில் அடக்கிவைத்துக்கொள்ளவும் பழகிவிடுகின்றன. நிறுத்துவதற்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதைவிட ஒரே நாளில் நிறுத்திவிடுவது பெரும்பாலும் எளிது. முதல் சில நாள்கள் அழுகையும், குறைவான சாப்பாடும் இருக்கும். நலமாக உள்ள குழந்தை அதனால் மெலிந்துவிடாது. வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லோரும் தட்டு முன் உட்காரும்போது தங்கள் போனையும் வேறு அறையில் வைத்துவிட வேண்டும். குழந்தையைத் தனியாக ஊட்டுவதை விட்டு, குடும்பத்தோடு தரையில் உட்காரவைத்து அதற்கென்று ஒரு தட்டு கொடுங்கள்.

முன்பு நன்றாகச் சாப்பிட்டவன் இப்போது வாயைத் திறப்பதில்லை. எடை போதுமா?

பிறந்த எடை ஒரே ஆண்டில் ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. இரண்டாம் ஆண்டு முழுவதும் சேர்த்து ஏறுவது இரண்டு முதல் இரண்டரை கிலோ மட்டுமே. வளர்ச்சி வேகம் குறைவதால் பசியும் குறைகிறது, அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு வளர்ச்சி அட்டவணைப்படி, இரண்டு வயதில் ஆண் குழந்தையின் நடுமட்ட எடை 12.2 கிலோ, பெண் குழந்தைக்கு 11.5 கிலோ. ஆண் 9.7 கிலோவுக்கும் பெண் 9 கிலோவுக்கும் கீழே இருந்தால்தான் எடைக்குறைவு என்கிறார்கள். நடுவில் உள்ள பரந்த இடமெல்லாம் இயல்பானதே. பக்கத்து வீட்டுக் குழந்தையின் கொழுகொழு கன்னத்தைப் பார்க்காமல், உங்கள் குழந்தையின் தாய் சேய் நல அட்டையில் உள்ள வளைகோட்டில் மாதா மாதம் புள்ளி வைத்து, கோடு மேல்நோக்கிப் போகிறதா என்று பாருங்கள். இரண்டு வயது வரை படுக்கவைத்தும் அதன் பிறகு நிற்கவைத்தும் உயரம் அளப்பதால், அளவு 0.7 சென்டிமீட்டர் குறைந்ததுபோல் தெரியும். அதற்காகக் கவலைப்படத் தேவையில்லை.

இந்த வயதுக்கு மூன்று நான்கு வேளை உணவும், இடையில் ஒன்றிரண்டு சிற்றுண்டியும் போதும். ஒரு வேளைக்கு 250 மில்லி கிண்ணத்தில் முக்கால் முதல் முழுக் கிண்ணம் வரை. சாப்பிடாததற்கு மிகப் பொதுவான காரணம் பால்தான். காலையில் ஒரு பாட்டில், பதினொரு மணிக்கு ஒன்று, தூங்குவதற்கு ஒன்று, இரவில் இரண்டு என்று போனால் சோற்றுக்கு வயிற்றில் இடமிருக்காது. ஒரு நாளைக்கு 400 முதல் 500 மில்லி வரை போதும். அதையும் டம்ளரில் கொடுங்கள். இரவு முழுவதும் வாயில் பாட்டிலோடு தூங்கும் குழந்தைக்கு முன்பற்கள் கறுத்துச் சொத்தையாகும். பருப்பு சாதத்தில் நெய், இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி, தினம் ஒரு முட்டை, அங்கன்வாடியில் தரும் சத்துமாவில் உருண்டையோ கஞ்சியோ என்று எளிய உணவே போதுமானது. விளம்பரத்தில் வரும் ஊட்டச்சத்து மாவுகளில் இனிப்பு அதிகம். அவை தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

மண்ணைத் தின்கிறது, சுவரைச் சுரண்டி வாயில் வைக்கிறது. பூச்சியா?

முதலில் இரத்தசோகையைச் சந்தேகிக்க வேண்டும். 2019-21ஆம் ஆண்டின் ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட தமிழ்நாட்டுக் குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்கு மேல் இரத்தசோகை இருந்தது. இந்திய அளவில் 67 விழுக்காடு. இது வசதியில்லாத வீடுகளுக்கு மட்டும் உரியதன்று. நாள் முழுவதும் பால் குடிக்கும் வசதியான வீட்டுக் குழந்தைக்கும் வருகிறது, ஏனெனில் பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. இரும்புச்சத்துக் குறைவு குழந்தையைச் சோர்வாக்குவதோடு நிற்பதில்லை, கவனத்தையும் கற்றலையும் பாதிக்கிறது. ஆகவே இதைச் சாதாரணமாக விடக் கூடாது.

அரசுத் திட்டத்தில் ஐந்து வயது வரை வாரம் இருமுறை, ஒரு மில்லி இரும்பு-ஃபோலிக் அமிலத் திரவம் கொடுக்கப்படுகிறது. அதைக் குடித்தால் மலம் கறுப்பது இயல்பு. பயந்து நிறுத்திவிட வேண்டாம். முருங்கைக் கீரை, கேழ்வரகு, ஈரல், மீன் ஆகியவற்றோடு எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா சேர்ந்தால் இரும்பு நன்றாகச் சேரும். டீ, காபி கொடுக்கவே கூடாது. பூச்சி மருந்து ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடியில் தரப்படுகிறது. இரண்டு வயது நிறையாத குழந்தைக்கு அல்பெண்டசோல் மாத்திரையில் பாதி, அதைப் பொடித்து நீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும்.

தாய்ப்பாலை எப்போது, எப்படி மறக்கடிப்பது?

இரண்டு வயது வரையும், தாயும் குழந்தையும் விரும்பினால் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. "இந்தப் பாலில் இனி சத்தில்லை" என்பது உண்மையன்று. நிறுத்த விரும்பினால் வேப்பெண்ணெய் தடவுவது, குழந்தையை நான்கு நாள் பாட்டி வீட்டில் விட்டுவிடுவது ஆகிய வழிகள் பலன் தரக்கூடும் என்றாலும், அவற்றால் குழந்தை பாலோடு சேர்த்துத் தாயையும் திடீரென்று இழந்ததுபோல் தவிக்கிறது. தாய்க்கும் மார்பில் பால் கட்டி வலியும் காய்ச்சலும் வரும். பகலில் ஒரு வேளையை விட்டு, சில நாள் கழித்து இன்னொன்றை விட்டு, இரவுப் பாலைக் கடைசியில் நிறுத்துங்கள். அந்த இரவுகளில் அப்பா பக்கத்தில் படுத்துத் தட்டித் தூங்கவைத்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

கேட்டது கிடைக்காவிட்டால் தரையில் விழுந்து புரள்கிறது. சில சமயம் அழுதழுது மூச்சு நின்று உடல் நீலமாகிவிடுகிறது. என்ன செய்வது?

இவை இரண்டு வேறு செய்திகள். அடம் இந்த வயதின் இயல்பு: விருப்பம் வளர்ந்துவிட்டது, அதைச் சொல்லும் மொழி வளரவில்லை, காத்திருக்கும் திறன் இன்னும் பிறக்கவில்லை. பசியிலும் தூக்கக் கலக்கத்திலும்தான் பெரும்பாலான அடங்கள் நிகழ்கின்றன என்பதை ஒரு வாரம் கவனித்தால் கண்டுகொள்ளலாம். அடி கொடுப்பதால் அடிக்கப் பழகும். "பூச்சாண்டி பிடிச்சுட்டுப் போயிடுவான்" என்றால் இரவில் தூங்காது. தலை எங்கும் முட்டாமல் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்து, "பந்து வேணும்னு கோபமா இருக்க" என்று அதன் உணர்வைச் சொல்லிவிட்டு, முடியாது என்று சொன்னதை முடியாது என்றே வைத்திருங்கள். அம்மா மறுத்ததை ஐந்தாவது நிமிடத்தில் தாத்தா எடுத்துக் கொடுத்தால், குழந்தை கற்றுக்கொள்வது ஐந்து நிமிடம் அழ வேண்டும் என்பதைத்தான்.

மூச்சடங்கி நீலமாவது பார்ப்பவர்களைக் கதிகலங்க வைக்கும். ஆனாலும் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் தானாகவே மூச்சு திரும்பிவிடும். அது வலிப்பு நோயன்று. குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்தால் போதும். உலுக்கவோ, முகத்தில் நீரை வாரி அடிக்கவோ, வாயில் எதையாவது திணிக்கவோ கூடாது. முதல் முறை நிகழ்ந்தவுடன் மருத்துவரிடம் காட்டி இரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும், ஏனெனில் இரும்புச்சத்துக் குறைவுள்ள குழந்தைகளில் இது அதிகம். இரும்பு மருந்து கொடுத்தால் பலருக்குக் குறைந்துவிடுகிறது. அழாமலே திடீரென்று இவ்வாறு ஆனாலோ, நெடுநேரம் நினைவு திரும்பாவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இடது கையால் எடுத்துச் சாப்பிடுகிறது. கால் வேறு வளைந்திருக்கிறது.

இடது கைப்பழக்கம் குறையன்று, அதை மாற்ற வேண்டாம். ஆனால் ஒன்றரை வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி, மறு கையை மூடியே வைத்திருந்தால், அந்த மறு கையின் பலவீனத்தைப் பரிசோதிக்க வேண்டும். கால் வெளிப்புறம் வளைந்திருப்பது இரண்டு வயது வரை இயல்பு. மூன்று நான்கு வயதில் முழங்கால்கள் ஒட்டியதுபோல் மாறிப் பிறகு நேராகும். ஒரு கால் மட்டும் வளைந்திருந்தாலோ, வளைவு கூடிக்கொண்டே போனாலோ காட்டுங்கள்.

எப்போது கழிப்பறைப் பழக்கம் தொடங்கலாம்? எவ்வளவு நேரம் தூங்க வேண்டும்?

இரண்டு மணி நேரம் ஜட்டி நனையாமல் இருப்பது, போனதும் வந்து சொல்வது அல்லது மூலையில் போய் ஒளிந்து முக்குவது ஆகியவை தெரிந்தால் தொடங்கலாம். நம் வீடுகளில் தாய் கால்களை நீட்டி, பாதங்களின் மேல் குழந்தையைக் குந்தவைக்கும் முறை நல்ல முறையே. காலை உணவுக்குப் பின் ஐந்து நிமிடம் அவ்வாறு உட்காரவைக்கலாம். திட்டினால் குழந்தை மலத்தை அடக்கிக்கொள்ளும், மலம் இறுகும், வலிக்கும், மேலும் அடக்கும். இரவில் நனைக்காமல் இருப்பதற்கு இன்னும் சில ஆண்டுகள் ஆகும். தூக்கம், பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம்.

இந்த வயதில் என்ன தடுப்பூசி?

16 முதல் 24 மாதத்துக்குள் தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணை, முத்தடுப்பு ஊசியின் முதல் ஊக்கத் தவணை, போலியோ சொட்டு மருந்து ஊக்கத் தவணை, குறிப்பிட்ட மாவட்டங்களில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசியின் இரண்டாம் தவணை ஆகியவை போடப்படுகின்றன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ திரவமும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையங்களில் பெரும்பாலும் புதன்கிழமை போடுவார்கள். தவணை தவறியிருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒன்பதாம் மாத ஊசியோடு முடிந்துவிட்டதாக நினைத்து இதை மறந்துவிடுபவர்கள் உண்டு என்பதால் அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள்.

வீட்டில் எதைக் கண்டு பயப்பட வேண்டும்?

முதலில் பூஜை அறை. கற்பூரத்தைக் கற்கண்டு என்று நினைத்துத் தின்னும் குழந்தைக்குச் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். சிறு அளவே ஆபத்தானது. வாந்தி எடுக்கவைக்க முயலாமல் உடனே 108ஐ அழையுங்கள். மண்ணெண்ணெய் குடித்தாலும் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. பாச்சை உருண்டை, எலிக்கொல்லிப் பசை, பாட்டியின் இரத்த அழுத்த மாத்திரை ஆகியவை பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும்.

அடுத்தது குளியலறை. தலை கனமான இந்த வயதுக் குழந்தை பாதி நிறைந்த பக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால் தானாக எழ முடியாது, சத்தமும் போடாது. பயன்படுத்திய பின் பக்கெட்டைக் கவிழ்த்துவையுங்கள். தரைத்தொட்டி மூடியை எப்போதும் பூட்டிவையுங்கள்.

வேர்க்கடலை, பட்டாணி, சீத்தாப்பழ விதை, புளியங்கொட்டை ஆகியவை மூச்சுக்குழாயில் சிக்கும். மூச்சுத் திணறி, இருமவோ அழவோ முடியாமல் போனால், முன்பக்கம் சாய்த்து முதுகில் ஐந்து முறை தட்டி, அதிலும் வராவிட்டால் பின்னாலிருந்து தொப்புளுக்கு மேல் ஐந்து முறை உள்நோக்கி மேலாக அழுத்தி, மாறி மாறித் தொடர வேண்டும். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே போகும். ரிமோட், விளக்குப் பொம்மைகளில் உள்ள வட்டச் சில்லு பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் அரித்துவிடும். மலத்தில் வரும் என்று காத்திருக்கக் கூடாது.

சூடான சாம்பாரோ வடித்த கஞ்சியோ கொட்டிவிட்டால், இருபது நிமிடம் குழாய் நீரில் காட்டுங்கள். பற்பசை, மை, இட்லி மாவு எதையும் பூச வேண்டாம்.

பைக்கில் முன்னால் உட்காரவைத்துப் போகலாமா?

கூடாது. பெட்ரோல் டாங்கில் உட்காரும் குழந்தை பிரேக் பிடித்தவுடன் முதலில் மோதுகிறது. 2023 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள மத்திய விதியின்படி, ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்குத் தலைக்கவசமும், ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது.

பிறந்தநாள் விழாவில் கவனிக்க வேண்டியது உண்டா?

குழந்தை வழக்கமாகத் தூங்கும் நேரத்தில் விழா வைக்காதீர்கள். மாலை ஐந்து மணிக்கு முடிந்தால் நல்லது. தெரியாத கைகளுக்குக் குழந்தையை மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டாம், அது மறுத்தால் விட்டுவிடுங்கள். எரியும் மெழுகுவர்த்தியின் அருகில் நுரைத் தூவியை அடிப்பதை அனுமதிக்கவே கூடாது. அந்த நுரையைத் தள்ளும் வாயு தீப்பிடிக்கக்கூடியது. பலூன்களைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள். வெடித்த பலூனின் ரப்பர்த் துண்டு தொண்டையில் ஒட்டிக்கொண்டால் முதுகில் தட்டினாலும் எளிதில் வெளியே வராது என்பதால், விருந்தினர் சாப்பிடப் போனதும் ஒருவர் தரையில் கிடக்கும் துண்டுகளை எல்லாம் பொறுக்கிக் குப்பையில் போட்டுவிட வேண்டும்.